இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகள்: காலிக் கல் சொல்லும் பாடம்

சென்ற வருடம் ஒருநாள் தரம் பதினொன்றுக்கு ரிலீஃப் பாடத்துக்குப் போயிருந்தேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன். வரலாறு என்னுடைய பாடமல்ல. மேசையில் கிடந்த வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "கிரேக்கம், ரோமுக்குப் பிறகும், போர்த்துக்கேயர் கடலுக்கு வர முன்னமும் உலகத்தில் என்ன நடந்தது?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

முன்வாங்கில் இருந்த பிள்ளை, "அது இருண்ட காலம் சேர். ஒண்டும் நடக்கல்ல" என்றாள்.

பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான். "பொய் சேர். அது எங்கட பொற்காலம். எல்லாத்தையும் நாங்கதான் கண்டுபிடிச்ச. வெள்ளைக்காரன் களவெடுத்துக்கிட்டான்."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. நான் வாயைத் திறக்க முன்னம் மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மணி அடித்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் சொல்வதற்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. முதலாமவள் பாடப்புத்தகத்தின் நிழலில் பேசினாள். இரண்டாமவன் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் பெருமைச் செய்திகளை வைத்துப் பேசினான். அந்த ரிலீஃப் பாடத்தில் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பெயர் வந்த கதை

'இடைக்காலம்' என்ற சொல்லை நாம் ஏதோ இயற்கையான பெயர் போல எடுத்துக்கொள்கிறோம். மாரி, கோடை போல அது தானாக அமைந்த பெயரல்ல. ஒரு கட்டத்தில் சிலர் வைத்த பெயர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், ரோமின் வீழ்ச்சிக்குப் பிந்திய காலத்தை இருளென்று பார்த்தார். அவருக்கு ரோமின் இலத்தீன் எழுத்துதான் வெளிச்சம். அது மங்கியதால் காலமே மங்கியதாக அவருக்குத் தோன்றியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியரான செலாரியுஸ் உலக வரலாற்றைப் பண்டைக்காலம், இடைக்காலம், புதுக்காலம் என்று மூன்றாகக் கூறுபோட்டு நூல் எழுதினார். அந்தக் கூறுபாடு பள்ளிக்கூடங்களில் நிலைத்தது. பிற்பாடு குடியேற்ற ஆட்சியோடு நமது பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, கி.பி. 500 முதல் 1500 வரையான அந்த ஆயிரம் ஆண்டுகள் மேற்கு ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் 'இடை'. பக்தாதில் இருந்தவருக்கோ, சீனத்தின் கைஃபெங்கில் இருந்தவருக்கோ, தஞ்சாவூரில் இருந்தவருக்கோ அது இடைவேளையாக இருக்கவில்லை. ஐரோப்பாவுக்குக்கூட அது முழு இருளல்ல. பொலோனியா, பாரிஸ், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகங்கள் தோன்றியது இந்தக் காலத்தில்தான்.

முன்வாங்குப் பிள்ளைக்கு இவ்வளவும் போதும். பின்வாங்குப் பொடியனுக்கான பதில்தான் கொஞ்சம் நீளமானது.

தாளும் இலக்கமும்

அப்பாஸிய கலீபா அல்மன்ஸூர் பக்தாத் நகரை 762இல் நிறுவினார். அதே நூற்றாண்டில் சீனத்தின் தாள் செய்யும் தொழில் சமர்கந்த் வழியாக அங்கே வந்து சேர்ந்தது. இதை நாம் சின்ன விசயமாக நினைக்கக்கூடாது. அதுவரை எழுதுவதற்கு ஆட்டுத்தோலோ, எகிப்தின் பப்பைரஸோ தேவைப்பட்டது. ஒரு தடித்த தோல்நூலுக்கு ஒரு மந்தையே அறுபட வேண்டும். தாளோ கந்தல் துணியிலிருந்து செய்யக்கூடியது. விலை இறங்கியதும் எழுத்துப் பரவியது. பக்தாதில் வர்ராக்குகளுக்கென்றே ஒரு சந்தை உருவாயிற்று. தாள் விற்பவர், நூல் பிரதி பண்ணுபவர், நூல் விற்பவர் எல்லாரும் வர்ராக்குகள்தாம்.

அந்த நகரில்தான் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) வேலை செய்தார். ஹீராவிலிருந்து வந்த கிறிஸ்தவர், மருத்துவர். கிரேக்க மருத்துவர் கேலனுடைய நூல்களைச் சுரியானி மொழிக்கும் அரபுக்கும் கொண்டுவந்தவர். அவர் வேலை செய்த முறையை நமது பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கலாம். ஒரு நூலுக்கு ஒரேயொரு பிரதியை நம்பமாட்டார். கிடைத்த பிரதிகளையெல்லாம் சேர்த்து, ஒப்புநோக்கி, பாடத்தைச் சரிசெய்த பிறகுதான் மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் வைக்காமல் வசனத்தின் கருத்தைப் பெயர்ப்பார். கேலனின் ஒரு தருக்க நூலைத் தேடி ஈராக், சிரியா, பலஸ்தீன், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை அலைந்ததாகவும், கடைசியில் திமிஷ்கில் அரைவாசி அளவுதான் கிடைத்ததாகவும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஏட்டுச் சுவடி தேடி ஊரூராக நடந்த உ.வே. சாமிநாதையரின் கதையைப் படித்த நமக்கு, இந்த மனுசனைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல.

அவருக்கு அடுத்த தலைமுறையில் தாபித் இப்னு குர்ரா என்ற கணித மேதை வருகிறார். ஹர்ரான் ஊர்க்காரர், ஸாபிய மதத்தவர். இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்களும், நூல்களைக் கேட்டு வாங்கியவர்களும், படித்து வாதிட்டவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். 'நாங்கதான் எல்லாம் கண்டுபிடிச்ச' என்று சொல்லும்போது இந்தப் பெயர்களை என்ன செய்வது? மறைத்தால் பொய்யாகிவிடும். சொன்னாலோ, நமது பெருமை குறையாது. அது வேறொரு பெருமையாக மாறும்: வேற்று மதத்தவரின் அறிவைக் கூச்சமில்லாமல் கேட்டு, கூலி கொடுத்து, பெயர் சொல்லி வாங்கிய ஒரு நகரத்தின் பெருமை.

'பெயர் சொல்லி' என்றதற்கு ஓர் உதாரணம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல்குவாரிஸ்மி ஒரு கணக்கு நூல் எழுதினார். பூச்சியத்தோடு பத்தே குறிகளை வைத்து எந்த எண்ணையும் எழுதும் முறையைப் பற்றியது அது. அந்தக் குறிகளை அவர் இந்திய இலக்கங்கள் என்றார். இந்தியாவிலிருந்து வாங்கினார், அதைச் சொன்னார். அந்த நூல் 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் போனது. இத்தாலியின் பீசா நகரத்து வணிகர் மகன் ஃபிபொனாச்சி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா துறைமுகத்தில் இந்த இலக்கங்களைப் படித்து, 1202இல் தன் ஊராருக்கு நூலாக்கினார். ஐரோப்பா அவற்றை அரபு இலக்கம் என்றது. ஒவ்வொருவரும் தமக்கு யார் தந்தார்களோ அவர்களின் பெயரையே வைத்தார்கள். இதில் களவு எங்கே இருக்கிறது? ஸ்பெயினின் தொலேதோவில் இருந்து எழுபதுக்கும் மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனாக்கிய கிரெமோனாவின் ஜெரார்டும் களவெடுக்க வந்தவரல்லர். தேடிய நூலுக்காக அரபு படித்து, அந்த ஊரிலேயே வாழ்ந்தவர்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

அறிவு தரை வழியே போன கதை இது. நமக்கு இன்னும் நெருக்கமான கதை கடலில் இருக்கிறது.

இந்து சமுத்திரத்தில் பாய்க்கப்பலுக்கு எசமான் காற்றுத்தான். சோளகமும் வாடையும் எப்போது மாறும் என்று நம் ஊர் மீனவரைக் கேட்டால் இன்றும் விரலை மடித்துச் சொல்வார். ஆங்கிலத்தில் மொன்சூன் என்று வழங்கும் சொல்லே 'மவ்ஸிம்', அதாவது பருவம், என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரபுக் கரையிலிருந்து ஒரு காற்றில் கிழக்கே வரலாம். திரும்புவதற்கு மறு காற்று எழும்வரை மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்குத் தங்க இடம் வேண்டும். சரக்கு வைக்கப் பண்டகசாலை வேண்டும். தொழப் பள்ளி வேண்டும். வழக்கென்று வந்தால் தீர்க்க ஒருவர் வேண்டும். பலர் கரையிலேயே கலியாணமும் முடித்தார்கள். மலபாரிலும் காயலிலும் இலங்கைக் கரையிலும் முஸ்லிம் ஊர்கள் எப்படி உண்டாயின என்று கேட்பவர்களுக்கு, படையைத் தேடுவதைவிடக் காற்றைத் தேடச் சொல்லலாம்.

இந்தக் கப்பல்களில் ஆணி இல்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். தென்னங்கயிறு அதற்குப் பேர்போனது. அப்படித் தைத்த கப்பலொன்று இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் கிடந்து 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டுமானத்தில் அது மேற்காசியக் கப்பல். உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள். பெரும்பாலானவை சாதாரண சாப்பாட்டுக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்குச் சரியான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசருக்குரிய ஆடம்பரப் பொருள்கள் மட்டுமே தூரக்கடல் தாண்டின என்ற எண்ணத்தை அந்தக் கிண்ணங்கள் மாற்றிவிட்டன. சீனத்துச் சூளைகள் மேற்காசியச் சந்தைக்கென்று மொத்தமாகச் செய்து அனுப்பியிருக்கின்றன.

அதே காலத்தில் நம் பக்கத்துக் கரையில் என்ன நடந்தது? கொல்லத்தில் 849ஆம் ஆண்டளவில் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடி, அங்கே இருந்த கிறிஸ்தவப் பள்ளியொன்றுக்குச் செப்பேடு கொடுத்தார். தரிசாப்பள்ளிச் செப்பேடு என்பார்கள். எழுத்து வட்டெழுத்து, மொழி, நம்மால் முயன்றால் தொட்டுணரக்கூடிய பழைய தென்மொழி. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற இரண்டு வணிகக் குழுக்களுக்கு அதில் பொறுப்புகள் சொல்லப்படுகின்றன. முடிவில் சாட்சிகள் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்: சிலர் கூபி அரபெழுத்தில், சிலர் பஹ்லவியில், சிலர் யூத எழுத்தில் எழுதிய பாரசீகத்தில். ஓர் இந்து அரசர் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த தானத்துக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சி. பல்கலைக்கழகத்தில் பல்சந்தமாலையைப் படித்தபோது 'அஞ்சுவண்ணம்' என்ற சொல்லுக்குப் பொருள் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதியவன் நான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படியொரு உலகம் இருப்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கிழக்கே போனால், சீனத்தின் சுவான்சௌ துறைமுகம். அரபிகள் ஸைத்தூன் என்றார்கள். அங்கே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதே ஊரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்றும் கிடைத்திருக்கிறது. அங்கே தங்கிய தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலைப் பற்றியது அது. கடைசி வரி சீன எழுத்து.

ஒரு அறை நிறையக் கடிதங்கள்

பழைய கெய்ரோவின் யூத ஆலயமொன்றில் ஓர் அறை இருந்தது. இறைவனின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்பது அவர்களது வழக்கம். கிழிந்த முஸ்ஹபை நாம் புதைப்பதைப் போல, அவர்கள் பழந்தாள்களை அந்த அறையில் போட்டுவைத்தார்கள். கடிதம், கணக்கு, கலியாண ஒப்பந்தம், கடன் சீட்டு என்று எல்லாமே குவிந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை உலகத்துக்குத் தெரியவந்தபோது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. கெனிஸா ஆவணங்கள் என்பது அவைதாம்.

அவற்றில் ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரின் தாள்களும் உண்டு. தூனிஸியக் கரையின் மஹ்தியாவில் பிறந்த யூதர். 1132 அளவிலிருந்து 1149 வரை மங்களூர்ப் பக்கத்தில் இருந்தார். மிளகும் பாக்கும் இரும்பும் ஏற்றுமதி; சொந்தமாக ஒரு பித்தளைப் பட்டறை. ஏடனிலிருந்த நண்பர்கள் அவருக்கு ஓட்டை விழுந்த பழைய பாத்திரங்களை அனுப்பி, உருக்கிப் புதிதாகச் செய்து தரச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார்கள். கூடவே எழுதுவதற்குத் தாளும் அனுப்புகிறார்கள். அஷு என்ற உள்ளூர் அடிமைப் பெண்ணை அவர் விடுதலை செய்த பத்திரமும் இருக்கிறது. அவரது பிள்ளைகளுக்குத் தாய் அவள்தான் என்பது ஆய்வாளர் கருத்து.

அந்தக் கடிதங்களின் மொழி அரபு, எழுத்து எபிரேயம். இதைப் படித்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. மொழி தமிழாகவும் எழுத்து அரபாகவும் நாமும் எழுதியவர்கள்தானே. இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்ந்த சமூகங்களெல்லாம் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கின்றன.

இங்கே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பழைய வீட்டை உடைத்துக் கட்டினோம். மூத்தவாப்பாவின் தகரப்பெட்டிக்குள் நாலைந்து கணக்குக் கொப்பிகள் இருந்தன. பாக்கு, தேங்காய், கடன் வாங்கியவர் பெயர் எல்லாம் அரபுத்தமிழில். கரையான் அரித்திருந்தது. "வாசிக்க ஆளில்லாத கடதாசி என்னத்துக்கு" என்று யாரோ சொன்னார்கள். கிணற்றடிக்குக் கொண்டுபோய் எரித்தவன் நான்தான்.

காலிக் கல்

1911இல் காலி நகரில் பொறியியலாளர் ஒருவர் வீதியோரத்தில் ஒரு கல்லைக் கண்டார். மதகொன்றுக்கு மூடுகல்லாகப் போட்டிருந்தார்கள். தூக்கிப் பார்த்தால், மூன்று மொழியில் எழுத்து. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

சீனத்தின் மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட கல் அது. கொண்டுவந்தவர் கடற்படைத் தலைவர் செங் ஹே. யுனான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் மா ஹே என்ற பெயரோடு பிறந்தவர், தகப்பனார் ஹாஜி. 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். முதற் பயணத்திலேயே 27,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு. பாரசீகப் பகுதி, மிகவும் தேய்ந்துபோயிருந்தாலும், இஸ்லாத்துக்குரியது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீளும் காணிக்கைப் பட்டியல் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது.

ஏன் பாரசீகம், ஏன் அரபு இல்லை? 1344இல் மாலைதீவிலிருந்து இங்கே வந்த இப்னு பதூதாவின் பயணநூலில் விடை இருக்கிறது. புத்தளம் என்று பொதுவாகக் கொள்ளப்படும் துறையில் இறங்கிய அவரை ஆரிய சக்கரவர்த்தி வரவேற்றார். அந்த அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்று அவர் எழுதுகிறார். பிறகு அரசரின் உதவியோடு பாவாத மலைக்கு ஏறினார். கடல் வணிகத்தில் அன்று பாரசீகம் ஒரு பொதுமொழி. தமிழும் அப்படியே. கல்லைச் சீனத்திலேயே வெட்டிக் கொண்டுவந்தார்கள் என்பதால், அங்கே தமிழ் எழுதத் தெரிந்த கை ஒன்று இருந்திருக்க வேண்டும். சுவான்சௌ கல்வெட்டை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை.

இருளும் இருந்தது

இத்தோடு நிறுத்தினால் நானும் பொற்காலக் கதை சொன்னவனாவேன். எனவே மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லைக் கொண்டுவந்த செங் ஹே, 1411 அளவில் இங்கே போர் செய்து, அழகக்கோனார் குலத்து ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். மூன்று சமயத்துக்கும் காணிக்கை வைத்த கைதான் அது. ஈராக்கின் தென்பகுதியில் உப்புநிலத்தைச் சுரண்டித் துப்புரவாக்கக் கிழக்காபிரிக்க அடிமைகளை மாடாய் உழைக்கவைத்தார்கள். 869இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 883 வரை அது அடங்கவில்லை. அந்த உழைப்பு, பக்தாத் நூல்களை மொழிபெயர்த்த அதே காலத்தது. 1258இல் மங்கோலியர் பக்தாதை அழித்தனர். மறு வருடமே அதே ஹுலாகுவின் ஆதரவில் நஸீருத்தீன் தூஸி மராகாவில் வானாய்வுக்கூடம் தொடங்கினார் என்பதும் வரலாறுதான்.

தாளும் இலக்கமும் வந்த வழியில் நோயும் வந்தது. 1347இலிருந்து நாலைந்து வருடத்தில் கொள்ளைநோய் ஐரோப்பாவின் சனத்தொகையில் மூன்றிலொரு பங்கையாவது கொண்டுபோனது. 1348இல் திமிஷ்கில் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்கள் குர்ஆனோடும் யூதர்கள் தவ்ராத்தோடும் கிறிஸ்தவர்கள் இன்ஜீலோடும் ஒன்றாக வீதியில் நடந்து துஆக் கேட்டதை இப்னு பதூதா பதிந்திருக்கிறார்.

1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது, கரையிறங்கிய அவரது ஆளைக் கஸ்தீலிய மொழியில் விசாரித்தவர்கள் தூனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். 'கண்டுபிடித்தான்' என்று நாம் மனப்பாடம் செய்த கடல், அவனுடைய பக்கத்து ஊர் மொழியையே பேசிக்கொண்டிருந்தது. அதன்பின் போர்த்துக்கேயரின் அனுமதிச்சீட்டு இல்லாமல் கப்பல் ஓட முடியாத நிலை வந்தது. 1588இல் தெவிநுவரைக் கோயில் இடிந்தது. காலிக் கல் எப்போதோ மதகுக்குப் போனது.

மறுபடியும் வகுப்பு

இவ்வருடம் அதே பிள்ளைகளைப் பஸ் ஒன்றில் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். கல்லின் முன்னால் நிறைய நேரம் நின்றார்கள். தமிழ்ப் பகுதியில் ஓரிரண்டு எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டுப் பின்வாங்குப் பொடியன் கேட்டான்: "இது எங்களால ஏலும் சேர். மத்த ரெண்டையும் ஆரு வாசிக்கிற?"

"அதுக்கு வேற ரெண்டு பேரைக் கூட்டி வரணும்டா" என்றேன். ரிலீஃப் பாடத்தில் நான் கொடுத்திருக்க வேண்டிய பதில் அவ்வளவுதான் என்று அப்போது விளங்கியது. அந்த ஆயிரம் ஆண்டுகளை எந்த ஒரு சமூகமும் தனியாக வாசித்து முடிக்க ஏலாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், மூத்தும்மாவின் பெட்டியில், பள்ளிவாசல் அலுமாரியில் வாசிக்கத் தெரியாத பழைய தாள் ஏதும் இருக்கலாம். வெறும் கணக்காக இருந்தாலும் பரவாயில்லை. எரிக்காதீர்கள். ஒரு படமாவது எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் எரித்த கொப்பிகளில் யாருடைய பெயர்கள் இருந்தன என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.